முப்பது கிலோ

தமிழ்ப் பிரிவேளை. இரண்டாம் வகுப்பு.
பதினொரு பிள்ளைகள், பாடம் ஆறு: பிரமிடு.
ஏசியின் இரைச்சலை மீறக்
கொஞ்சம் கத்தித்தான் தொடங்கினேன்:
நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்
எகிப்து என்றொரு தேசத்தில்...
"மிஸ், எங்க பஸ் டிரைவர் எகிப்துதான்"
என்றான் மஃரூப்.
அதில் ஐந்து நிமிடம் போனது.

கோல்ட் ஸ்டோரில் வாங்கிய சர்க்கரைக் கட்டி, நான்கு பெட்டி.
கீழே பெரிய சதுரம்,
மேலே சின்னது, அதற்கும் மேலே இன்னும் சின்னது.
அடுக்குக்கு ஒரு கட்டி
யார் வாயிலோ கரைந்தது.
கல் திருடர்கள் அப்போதும் இருந்தார்கள் என்றேன்.

எத்தனை வருஷம் கட்டினாங்க?
இருபது என்கிறார்கள்.
லீவே விடலையா?
சம்பளம் என்ன?
ரொட்டி, வெங்காயம்.
(புத்தகத்தில் அடுத்த சொல் பீர்.
வெங்காயத்தை இன்னொரு முறை சொன்னேன்.)
அவங்க பாஸ்போர்ட் யார்கிட்ட இருந்துச்சு?
இது ஸுல்ஃபிகா.
அழிப்பானைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ராஜா செத்ததும் அவரோடு வைத்தவை:
கட்டில், நாற்காலி, எண்ணெய், செருப்பு,
ஒரு முழுப் படகு,
ஆயிரத்துச் சொச்சம் துண்டாகக் கழற்றி.

வகுப்பு அமைதியானது.
பயத்தில் அல்ல, கணக்கில்.
ஜூன் மாதத்து ராத்திரிகளில்
அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை,
தூக்காமல் ஒரு முறை
அப்பா எடைமெஷினில் ஏறி நின்று
கழித்துப் பார்ப்பதைக் கண்ட பிள்ளைகள்.

"முப்பது கிலோதானே மிஸ் விடுவாங்க?"
"ராஜாவுக்கு நாப்பது."
"படகைக் கைல கொண்டுபோக முடியாது, ஏழு கிலோதான்."
"பால்பவுடர் டப்பாவை எடுத்துட்டா
நாற்காலி வைக்கலாம்"
என்று ஜெபஸ்டின் ஒரு வழி சொன்னான்.
ராஜா பால்பவுடரை விட்டுக்கொடுத்தார்.

அப்போதுதான் ஹெப்சிபா பேசினாள்.
வருகைப் பதிவுக்கே இரண்டு முறை கூப்பிட வேண்டியவள்.

"பெட்டி மேல பேர் எழுதணும் மிஸ்.
பேர், அப்பா பேர், ஊர், ஃபோன் நம்பர்.
பெரிய எழுத்துல. நாலு பக்கமும்.
இல்லன்னா ஏர்போர்ட்டுல வேற யாராவது
எடுத்துட்டுப் போயிருவாங்க."

பிப்ரவரியில் அவள் ஒன்பது நாள் வரவில்லை.
சல்மானியாவில் நர்ஸாக இருக்கும் அம்மா
லீவுக் கடிதத்தில் எழுதியிருந்தது
ஒரே வரி: குடும்ப விஷயமாக.

மார்க்கரை மூடினேன். திறந்தேன்.
ஆமாம் ஹெப்சி, எழுதித்தான் வைத்தார்கள்.
ராஜா பேரைச் சுற்றி ஒரு நீள்வட்டம் போட்டு,
யாரும் அழித்துவிடக் கூடாதென்று.
"நாலு பக்கமுமா?"
நாலு பக்கமும்.
பாடத்தில் அப்படி இல்லை.

திரும்பும் பஸ் ஆலி வழியாகப் போகும்.
வீடுகளுக்கு நடுவே, டிஷ் ஆன்டெனாக்களைவிட உயரமாய்
மண்மேடுகள்.
வந்த புதிதில் நாலு வருஷம்
ஏதோ காண்ட்ராக்டர் கொட்டிவிட்டு
அள்ள மறந்த மண் என்றே நினைத்திருந்தேன்.
அவையும் ராஜாக்களின் கல்லறைகளாம்.
எந்த மேட்டிலும் பேர் இல்லை.
மஃரூப் ஜன்னல்பக்கம் வாய் திறந்து தூங்கினான்,
உதட்டோரம் சர்க்கரை.

வெள்ளி, சனி விடுமுறை.
ஞாயிறு காலை கதவைத் திறந்தால்
ஜன்னலிலிருந்து மேசை வரை
ஒரு கறுப்புக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.
"லேபர் வந்துட்டாங்க!" என்று கத்தினான் ஜெபஸ்டின்.
உச்சி போயிருந்தது. கிழக்கு மூலை சரிந்திருந்தது.

அடியில், நான்கு பக்கமும்
செல்லோடேப் போட்டு ஒட்டிய நான்கு சீட்டு.
நான் பார்க்காதபோது ஒட்டியிருக்கிறாள்.
தொண்ணூற்றொன்றில் தொடங்கும் எண்,
நான்கிலும் அதே கையெழுத்து.
ஒன்றைக் குனிந்து எண்ணிப் பார்த்தேன்.
ஒரு இலக்கம் குறைந்தது.
அடுத்த சீட்டிலும் எண்ணினேன்.